இடது புருவம்

சாட்ஸ்வொர்த் கடைவீதியில்
கீழே மீன் வறுக்கும் கடை, மேலே அழகுக்கலைப் பள்ளி.
செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு
மெழுகும் எண்ணெயும் சேர்ந்து மணக்கும் அறையில்
கணக்குப் பாடம் எடுக்கிறேன்.
அட்டவணையில் அதற்கு 'நிதி அறிவு' என்று பெயர்.
மாணவிகள் வைத்த பெயர், தூக்கம்.

பதினொரு பேர். யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
புருவத்தைப் பார்க்கிறார்கள்.
வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு வருடம்
ஊரார் பணத்தை எண்ணியவளுக்கு
அது கூச்சமாகத்தான் இருந்தது.

"புருவம் திருத்த என்ன வாங்குவீர்கள்?"
"நாற்பது ரேண்ட்."
"செலவு?"
நூல்கண்டு முப்பத்தைந்து, இருநூறு முகத்துக்கு வரும்
என்றாள் தேஷ்ணி.
முகத்துக்குப் பதினேழரை சென்ட்.
மிச்சமெல்லாம் லாபம்! கைதட்டினார்கள்.
ஒரு நிமிடம் அறையே பணக்காரியானது.

பிறகு நாற்காலி வாடகையை எழுதினேன்.
மாதம் ஆயிரத்தெண்ணூறு, வேலைநாள் இருபத்துநான்கு,
நாளுக்கு எழுபத்தைந்து.
காலையில் வரும் முதல் இரண்டு முகம்
நாற்காலிக்கே சரியாய்ப் போய்விடும்.
அப்புறம் பவுடர், பஞ்சு, வாட்ஸப்புக்கு டேட்டா,
மின்வெட்டு நாளில் பிடிக்கும் விளக்குக்கு பாட்டரி.
யாருமே வராத மழை மதியம்.
"அதையுமா எழுதணும், மிஸ்?"
அதைத்தான் எழுதணும்.

கல்யாண வீட்டில் ஏழு பேருக்கு முகம் பார்த்தாளாம் ரொமில்லா,
அத்தனை பேரும் சித்தி, பெரியம்மா.
சித்தியிடம் எப்படிக் காசு கேட்பது?
எனக்கும் தெரியவில்லை.
'சித்தி' என்று ஒரு பத்தி போடு என்றேன்.
வாங்காவிட்டாலும் எழுது.
பாசம் எவ்வளவு ஆயிற்று என்று
வருடக் கடைசியில் தெரியட்டும்.
எல்லோரும் சிரித்தார்கள். ரொமில்லா
தலை குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

லோகாம்பாளுக்கு ஐம்பத்துமூன்று, என் வயதில் இரண்டு மடங்கு.
துணி ஆலை மூடியபின் இங்கே வந்தவள்.
"காலர் ஒன்றுக்கு நாற்பத்திரண்டு வினாடி,"
என்றாள், யாரும் கேட்காமலே.
"சூப்பர்வைசர் கழுத்தில் கடிகாரம் தொங்கும்.
பத்தொன்பது வருடம்
என் நிமிடமெல்லாம் அவன் கழுத்தில்."
களிம்புக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு
கைபேசியில் நிறுத்துக்கடிகாரம் எங்கே என்று தேடினாள்.

நொசிஃபோ மட்டும் பேனாவைத் தொடவில்லை.
உம்லாசியில் பன்னிரண்டு பெண்கள் போடும் சீட்டு,
ஸ்டோக்வெல் என்பார்கள்,
ஏழு வருடமாய் அவள் நோட்டில் நடக்கிறது.
ஒரு சென்ட் பிசகியதில்லை.
மணி அடிக்கப் போகும்போது கையைத் தூக்கினாள்.
"உங்களுக்கு என்ன தருகிறார்கள், மிஸ்?"

மணிக்குத் தொண்ணூறு. இரண்டு மணி நேரம்.
எழுந்து வந்து என் மார்க்கரை வாங்கிக்கொண்டாள்.
டாக்ஸி, போகவர? முப்பத்தாறு.
இந்தத் தாளெல்லாம் யார் அச்செடுத்தது?
நான்தான், இருபத்துநான்கு.
வீட்டில் தயார் செய்வது? மூன்று மணி நேரம்.
டாக்ஸி நிரம்பும்வரை காத்திருப்பது?
அதையுமா?
"அதைத்தான், மிஸ்."
வழியோடு சேர்த்து ஒன்றரை.
கழித்தாள், வகுத்தாள், அடிக்கோடு இழுத்தாள்.
மணிக்குப் பதினெட்டு ரேண்ட் நாற்பத்தாறு சென்ட்.

இந்த முறை கைதட்டல் இல்லை.
கீழே எண்ணெய் சீறியது.
"இடது புருவத்துக்கே இருபது வருமே,"
என்றாள் லோகாம்பாள்,
துக்க வீட்டில் பேசும் குரலில்.

தேஷ்ணி என்னை நாற்காலியில் சாய்த்தாள்.
நூலின் ஒரு முனை அவள் பல்லில்.
கண்ணில் நீர் வந்தது,
புருவம் எடுத்தால் யாருக்கும் வரும்.
ஐம்பது கொடுத்தேன்.
புது நோட்டைப் பிரித்துத் தேதி போட்டு
பத்தை எண்ணித் திருப்பித் தந்தாள்.
தள்ளுபடி கிடையாது.

பலகையை அழிக்காமல் வந்துவிட்டேன்.
புதன்கிழமை அதே அறையில்
முதல்வர் அம்மா
பாதப் பராமரிப்பு எடுக்கிறார்.