ஏலச் சேவல்

பலகையில் பல்கலைக்கழகம் என்று மாற்றி எழுதிய பிறகும்
மழை பெய்தால்
உள்ளேயிருந்து கல்லூரி தெரிகிறது.
பெயின்டர் இசக்கிமுத்துவுக்கு
இன்னும் நாலாயிரத்து இருநூறு பாக்கி.
"ஒரு கோட்டுக்குத்தானே அட்வான்ஸ் குடுத்திய,
ரெண்டு கோட்டு அடிச்சாத்தான் மூடும்"
என்கிறார் வெள்ளிதோறும் வந்து.

மார்ச் முப்பத்தொன்று, இரவு.
பாளையங்கோட்டையில் காற்றே இல்லை.
திருமண்டல அலுவலகத்திலிருந்து
பர்சார் அருமைநாயகம் சார் போன் செய்தார்:
"காலையில ஆடிட்டர் வாராரு.
அந்த ரெண்டு கட்டத்தையும் நிரப்பி வச்சிரும்மா."

நோக்கம்: நூறு சொற்களுக்கு மிகாமல்.
நிதி ஆரோக்கியம்: நன்று, நடுத்தரம், கவலைக்கிடம்,
ஏதேனும் ஒன்றில் டிக்.

பி.எஃப். கட்டி ஏழு மாதம்.
சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள்
சம்பளம் பற்றி இப்போது கேட்பதில்லை.
படிக்கட்டில் என்னைக் கண்டால்
"சாப்டாச்சா" என்று மட்டும் கேட்கிறார்கள்.
அதற்குப் பதில் சொல்லத்தான்
எனக்கு நாக்கு எழவில்லை.

நோக்கத்துக்குச் சொல் தேடி
அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பேரேட்டைப் பிரித்தேன்.
கரையான் விட்டுவைத்த ஒரு வரவுப் பக்கம்:
பிடியரிசி மூன்று மரக்கால்.
கருப்பட்டி ஒரு சிப்பம்.
பனையிலிருந்து விழுந்தவன் மனைவி, அரைக்கால் ரூபாய்
(பெயர் எழுதவில்லை).
எதிர்ப்பக்கம்:
பெண்பிள்ளைகள் படிக்க விளக்கெண்ணெய்.
கண் கலங்கப் போன நேரம்
இரண்டு தாள் தள்ளி, அதே கையெழுத்து:
கொத்தனார் கூலி நிலுவை, பதினோரு மாதம்.
சிரித்துவிட்டேன்.

போன மாதம் அறுப்பின் பண்டிகை.
ஆலய வளாகத்தில் ஏலம்.
கால் கட்டிய ஒரு சேவல்.
செல்வின் அண்ணாச்சி ஏழாயிரத்துக்கு எடுத்து
கையோடு ஆலயத்துக்கே திருப்பினார்.
மறுபடி கூவினார்கள். ஒன்பதாயிரம். திரும்பியது.
நாலு தடவை விற்றும்
சேவல் மேசையை விட்டு இறங்கவில்லை.
எல்லோரும் கைதட்டினோம்.
கடைசியாக எடுத்த பாக்கியதாசின் மகனுக்கு
ஜூன் முதல் எங்கள் இயற்பியல் துறையில் வேலை.
அந்த ஏலத்தில் யாரும் கூவவில்லை,
ரசீதுப் புத்தகமும் அங்கே போகவில்லை.

மகளிர் விடுதிக்குப் பின்னால் ஆறு ஏக்கர்.
பத்திரம் ஒரு வங்கியில் தூங்குகிறது.
இன்று பிற்பகல் இன்னொரு வங்கியின் கடிதத்தில்
அதே சர்வே எண்.
கட்டிய கால்களும் சிவந்த கொண்டையும்
கண்முன் வந்து நின்றன.
ஆனால் இதை
எடுத்தவர் யாரும் திருப்பித் தருவதாக இல்லை.

தேர்வு அனுமதிச்சீட்டு நிறுத்தம்: நாற்பத்து மூன்று பேர்.
பதினேழாவது, பேச்சியம்மாள், இரண்டாமாண்டு கணிதம்,
மூலைக்கரைப்பட்டி.
பாக்கி பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பது.
நேற்று வந்தாள். அழுவாள் என்று
தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.
அவளோ மேசைக்கு அந்தப் பக்கம் நின்று
என் கணக்கைத் தலைகீழாகவே வாசித்து,
"அக்கா, மூணாவது வரியில கூட்டல் தப்பு" என்றாள்.
தப்புத்தான். தொள்ளாயிரம்.
மூன்று பேர் கையெழுத்திட்ட பக்கம் அது.
என் கூட்டலைத் திருத்தினேன்,
அவள் பாக்கி அப்படியே நின்றது.

பர்சார் முத்திரை இருப்பது
என் இழுப்பறையில்.
மணி பதினொன்றே முக்கால்.
கவலைக்கிடத்தில் டிக் செய்தேன்.
நோக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.
காய்ந்து கிடந்த மைத்திண்டில்
பாட்டில் தண்ணீரைச் சொட்டிவிட்டு
சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

நாற்பத்து மூன்று தடவை.
சாருக்கு என்ன பதில் சொல்வேன் என்று
இருபதாவது சீட்டில் பயந்தேன்,
முப்பதில் கை வலித்தது.
கடைசி நாலைந்தில் மை வெளிறிவிட்டது,
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.
விடிந்தால் வெள்ளி.
இசக்கிமுத்து வருவார்.