எடைமேடை அறை

மாம்பழக்கூழ் ஆலை, ராயக்கோட்டை சாலை.
லாரி வராத இரவு இரண்டு மணிக்கு
ரம்மி வரும்.
வைகாசிச் சம்பளம் மூன்றே இரவில் போயிற்று.
போன் ஏற்கெனவே அடகில்.
மிச்சம் இந்தக் கணினி.

நோட்பேடை அட்மினாகத் திறந்தேன்.
ஹோஸ்ட்ஸ் என்றொரு கோப்பு:
யார் கேட்டாலும் வழி சொல்லும்
முக்குப் பெட்டிக்கடை மாதிரி.
அதற்கு ஒரு பொய் சொல்லிக்கொடுத்தேன்.
அந்தத் தளமா, அது இதே வீடுதான்;
127.0.0.1.

சேமித்துவிட்டுத் தேடினால்
கணினி தன் கதவையே தட்டிப் பார்த்து
யாருமில்லை என்றது.
சிரிப்பு வந்தது.

பூட்டியவனுக்குத் தெரியாதா
சாவி எந்த ஆணியில் என்று.
வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் போட்டால்
பொய் கலைந்துவிடும்.
செவ்வாய் போட்டேன். புதனும்.

வியாழன் விடிகாலை
ரசீது போடும் முனிலட்சுமியிடம் சொன்னேன்:
"அட்மின் பாஸ்வேர்டை நீ மாத்திடு.
எனக்குச் சொல்லாதே."
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

முதுகைக் காட்டி நின்று
மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பர்கூர் வண்டி ஏறியது,
பெங்களூரா, ஒன்பது டன் சொச்சம்.
பின்னால் விசைகள் தட்டும் சத்தம்.
எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

பதினொன்று.