பலகைக் கணக்கு

ஜுபைல் கேம்ப், பி பிளாக், அறை பதினேழு.
சாரம் கட்டும் பனிமயதாஸின் கட்டிலோரம்
மிஞ்சிய ஜிப்சம் பலகை ஒன்று சாய்ந்திருக்கும்.
பென்சிலில் இத்தாலிய லீக்,
இருபது அணிகளும்
இத்தாலியில் இல்லாத வரிசையில்.

ஆஃப்சைடு என்று கொடி தூக்கி அழித்த கோலை
இவன் திருப்பிக் கொடுப்பான்.
தானாக விழுந்தவனுக்குக் கிடைத்த பெனால்டியைப்
பிடுங்கிக்கொள்வான்.
தோற்றவன் சமனாவான், சமனானவன் ஜெயிப்பான்,
எச்சில் தொட்ட கட்டைவிரலால் பழைய புள்ளியைத் தேய்த்து
புதியதை எழுதுவான்.
பாதி அணிகளின் பெயர்மேல் சாம்பல் படிந்திருக்கும்.

பூட்ஸ் மாதிரி நீண்ட அந்த நாட்டில்
குதிகால் பக்கத்து ஊர்தான் இவன் கட்சி.
ஏன் என்றால்,
"கடைசியில கெடக்கான் பாரு, நம்ம தூத்தூர் மாதிரி."
அங்கே அது முப்பத்து மூன்று புள்ளி, பதினெட்டாம் இடம்,
கீழ் லீகுக்குப் போகிற வழி.
இங்கே முப்பத்தாறு. பதினாறு.
இந்த அறையில் அது பிழைத்துக் கிடந்தது.

எகிப்துக்காரன் ஹொசாம், பைப் ஃபிட்டர், ஒருநாள் சொன்னான்:
பன்னிரண்டாம் நிமிடத்து கோலைக் கொடுத்திருந்தால்
பந்து நடுவட்டத்துக்குத் திரும்பியிருக்கும்.
பதின்மூன்றாம் நிமிடம் வேறு நிமிடம் ஆகியிருக்கும்.
நீ கோலை மட்டும் கூட்டுகிறாய், சதீக்,
அதற்குப் பிறகு நடக்காமல் போன ஆட்டத்தை
எந்தப் பலகையில் எழுதுவாய்?

பனிமயதாஸ் பதில் சொல்லவில்லை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
குப்பூஸைப் பிய்த்தான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான் இந்த கேம்ப்பின் டைம்கீப்பர்.
விசில் இல்லை, நீலப் பேனா உண்டு.

மார்ச்சில் ஒரு விடியலில் பஸ் டயர் வெடித்து
பதினேழு பேர் நாற்பது நிமிடம் பிந்தி வந்தார்கள்.
டயர் என் கண்ணில் படவில்லை, கடிகாரம் பட்டது.
பதினேழு அரைநாள் போட்டேன்.
இருபதாம் தேதி சம்பளக் கணக்கு மூடியது.
முழுவருகைப் படி போயிற்று, அதோடு இவன் டிக்கெட் பணமும்.
மகளின் புதுநன்மைக்கு இவன் ஊரில் இல்லை.

ஏப்ரலில் தப்பு தெரிந்து திருத்திக் கொடுத்தேன்.
அறுபத்திரண்டு ரியாலும் படியும்,
ஹலாலா குறையாமல்.
கையெழுத்துப் போட்டான். "சரியாப் போச்சு" என்றான்.
அவ்வளவுதான்.
வெள்ளைக் கவுனில் அந்தப் பிள்ளை
வாசலைப் பார்த்து நின்ற ஞாயிறு மட்டும்
எந்த மாதச் சம்பளத்திலும் வரவு வைக்கப்படவில்லை.

மே மாதம். சீசன் முடிந்த இரவு.
எல்லாரும் தூங்கியபின் ஏசி உறுமலுக்குக் கீழே
பழைய ஆட்டம் ஒன்றைப் போனில் ஓட்டிக்கொண்டிருந்தான்,
முன்னும் பின்னுமாய், பத்து முறை, இருபது முறை.
நவம்பரில் குதிகால் ஊருக்கு இவன் கொடுத்த பெனால்டி.
அன்று படம் விட்டுவிட்டு வந்தது; கை என்று நினைத்தான்.
இன்று படம் தெளிவு. தோள்.

எழுந்து உட்கார்ந்தான்.
கட்டைவிரலை நக்கினான்.
முப்பத்தாறு முப்பத்து நான்காயிற்று,
பதினாறு, பதினெட்டு.
இரண்டு பட்டியலிலும் ஊர் மூழ்கியது.
ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.
அப்படியே விட்டிருக்கலாம்.

விடியலில் கேட் முன்னால் பஸ் உறுமுகிறது.
வரிசையில் கடைசியாக ஓடி வருகிறான்,
கண் சிவந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி.
நாலு முப்பதுக்குப் பேனாவைக் கொண்டுபோகிறேன்.

என் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்க்கிறான்.
"நாலு முப்பத்தொண்ணு.
போடும் வே" என்கிறான்.
விரலில் இன்னும் பென்சில் கரி.