சங்கிலி போட்டால் அதே திசை

அம்பத்தூர் எஸ்டேட், நார்த் பேஸ்,
தெரு முட்டில் என் பட்டறை.
அக்னி நட்சத்திரம் ஏழாம் நாள்.
தகரக் கூரைக்குக் கீழே நின்று
பனி அள்ளும் இயந்திரத்துக்கு
விசை கொண்டுபோக வழி தேடுகிறேன்.

ஆர்டர் கனடாவிலிருந்து.
சுதர்சனன், சொந்த ஊர் சாவகச்சேரி,
இப்போது முப்பது ஏக்கர், பதினாறு மாடு,
நாற்பத்தைந்து வயசில் ஒரு சின்ன டிராக்டர்.
“ஹெப்சிபா அக்கா, இதுக்குப் பின்னுக்குத்தான் விசை வருது.
எனக்கு முன்னுக்கு வேணும்.
கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கமா ஓடி
தோள்மூட்டுப் போச்சுது.”

ஹைட்ராலிக் மோட்டார் போடலாம் என்றான் கபூர்.
அந்தக் கிழட்டுப் பம்பு தருகிற எண்ணெய்
ஏர் தூக்கத்தான் காணும்.
முன்னால் தனி எஞ்சின் வைத்தால்
முன் அச்சு அழும்.
கிராங்க் புல்லியில் பெல்ட் மாட்டினால்
ஈரத்தில் வழுக்கும்.
மிச்சம் ஒரே வழி:
வால்பக்கமிருந்து வயிற்றுக்கு அடியில்
நீளமாய் ஒரு ஷாஃப்ட்.
தரைக்கும் அதற்கும் ஒரு சாண்.

செங்குன்றம் நர்சரியில்
கிட்டத்தட்ட அதே உயரத்தில் டிராக்டர் கிடைத்தது,
நாளுக்கு இரண்டாயிரம்.
பனி கிடைக்கவில்லை.
காசிமேட்டிலிருந்து இருபது பார் ஐஸ்,
மீனுக்கு நொறுக்குவதுபோலவே நொறுக்கி,
சாக்கு மூடிய குட்டியானையில்.
பாடி சிக்னலில் நின்றபோதெல்லாம்
வண்டி அழுதது என்றார் டிரைவர்.

கொட்டினோம். முழங்கால் உயரம்.
வெல்டர் முனிரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு
அதில் கொஞ்ச நேரம் நின்றார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளட்சை விட்டேன்.
சுருள் சுற்றியது. அள்ளவில்லை.
நடுவுக்கு இழுக்கவேண்டியதை
இரண்டு பக்கமும் ஒதுக்கியது,
பந்தியில் பிடிக்காத கூட்டை
இலை ஓரம் தள்ளுகிற பிள்ளை மாதிரி.

தப்பு என்னுடையது.
பின்னால் நின்று பார்த்தால் வலம்,
முன்னால் வந்து பார்த்தால் அதே சுற்று இடம்.
வாங்கிப்போட்ட கியர்பாக்ஸோ வால்பக்கம் மாட்டுகிற ரகம்.
இருபது வருஷமாக ஷாஃப்ட் கடைகிறேன்,
படத்தில் பார்த்தும் பார்க்காமல் விட்டேன்.
ஐஸ் உருகி, காசாகச் சாக்கடைக்கு ஓடியது.
நர்சரிக்காரர் மட்டும்
வாடகைக்கு ரசீது வேண்டுமா என்றார்.

இரவே பின்பெட்டியைத் திறந்தேன்.
சங்கிலி போட்டால்
ஓட்டுகிற சக்கரம் எப்படியோ
ஓடுகிறதும் அப்படி.
பல்லோடு பல் கோத்தால்
ஒன்று வலம், மற்றது இடம்.
“எங்க வீட்டுல பேசிக்கிற மாதிரி” என்றான் கபூர்.
சங்கிலி இருந்த இடத்தில் இரண்டு பல்சக்கரம்,
ஒரே அளவு, இருபத்தெட்டுப் பல்.
ஹாப்பிங் கூலி கடன்.

மறுபடி காசிமேடு. இந்தத் தடவை பத்து பார்தான்.

தூம்பு வழியே எழுந்தது வெள்ளை.
காம்பவுண்டு சுவர் தாண்டி,
ஷேர் ஆட்டோ கூரையில்,
பிரஸ் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்த
பெண்களின் டிபன் கூடையில்.
ஒருத்தி கன்னத்தைத் துடைத்து, விரலை முகர்ந்து,
“இன்னாடி இது, வஞ்சிரம் வாசன?” என்றாள்.
இன்னொருத்தி கையேந்தி
அடுத்த வீச்சுக்கு நின்றாள்.

வீடியோ அனுப்பினேன். அங்கே விடிகாலை.
“எறியுது அக்கா, எறியுது.”
பிறகு மாட்டுச் சத்தம் மட்டும்.

பார்சலில் பத்து போல்ட் கூடுதலாக வைத்தேன்.
கல்லோ கட்டையோ சிக்கினால்
முதலில் உடையவேண்டியது இதுதான்,
தயவுசெய்து உறுதியானது போடாதீர்கள்
என்று அட்டையில் எழுதி ஒட்டினேன்.

ஆரஞ்சு பெயின்ட் காய்ந்த பிறகுதான் பார்த்தேன்.
தூம்பின் உள்வளைவில்
ஒரு மீன் செதில்.
சுரண்டப் போன நகத்தை எடுத்துக்கொண்டேன்.
பெட்டி இப்போது எண்ணூரில்,
கப்பலுக்குக் காத்திருக்கிறது.