பூஜ்யம் கன அடி

அந்தமானுக்காக வாங்கியது.
ஆரஞ்சுக் குழாய், ரப்பர் ஓரம் வைத்த கண்ணாடி,
ஆயிரத்து நானூற்றைம்பது, டெலிவரி இலவசம்.
முன்பணம் வாங்கிய டிராவல்ஸ்காரன்
மன்னார்குடிக் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுப்
போனது தை மாதம்.
எங்கள் தலைப்பிலும் அதே வாரம்தான் ஷட்டர் இறங்கியது.
அது வேறு ஷட்டர்.
அதற்குக் கிரீஸ் போடும் ஆளை எனக்குத் தெரியும்.

மூணாறு தலைப்பில் பதினொரு வருஷமாகத்
தண்ணீரை எழுதுகிறவள் நான்.
காலை ஆறு மணி, மாலை ஆறு மணி.
வெண்ணாறு இவ்வளவு, கோரையாறு இவ்வளவு,
பாமணியாறு இவ்வளவு.
அளவுகோலில் பாசி ஏறினால்
தென்னந்துடைப்பத்தால் தேய்த்து இலக்கம் பார்ப்பேன்.
முகம் கழுவியதுகூட இல்லை அதில்.

"பவளப்பாறைக்கு வாங்கினதைப் போயி
சேத்துலயா முக்குவ?" என்றார் துரைக்கண்ணு.
ஆனாலும் வந்தார்.
ஜாம்புவானோடையில் படகு ஏறும்போது
என் செருப்பையும் தன் செருப்பையும்
ஒரே பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்,
கல்யாண வீட்டில் ஒருமுறை பறிகொடுத்தவர்.

காயல் நடுவில் எஞ்சினை நிறுத்தினார் நெய்னா.
இடுப்பளவுதான் தண்ணீர்.
"இங்க என்னம்மா தெரியும்?
போன மாசம் என் செல்போன் விழுந்துச்சு.
லைட்டு எரிஞ்சுகிட்டேதான் போச்சு.
ஒரு சாண் வரைக்கும் பாத்தேன்.
அதுக்கப்புறம் எங்க போச்சுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்தால் ஆவி படியாது.
கூட வந்த காகிதத்தில் படம் போட்டிருந்தது.
துப்பினேன். சுடிதாரோடு இறங்கினேன்.
சேறு முழங்கால்வரை கேட்டது, கொடுத்தேன்.
பிறகு குப்புற.

முதல் மூச்சு உப்பு.
இரண்டாவது இருமல்.
துரைக்கண்ணு எழுந்து நின்றதில் படகு ஆடியதாம்.
மூன்றாவதை யாரோ எனக்காக விட்டார்கள்.
குழாய்க்குள் ஹோவென்று ஒரு சத்தம்,
அரை அடி தூக்கிய மதகு மாதிரி.
அது நான்தான்.

டீ.
பால் கம்மியாக, கொஞ்சம் ஆறிப்போன டீ.
அதற்குள் முகத்தை வைத்திருக்கிறேன்.
கையை நீட்டினால் மணிக்கட்டோடு கை முடிகிறது.
வளையல் இருக்கிறது, விரல் இல்லை.
பெட்டிமேல் அச்சடித்த மஞ்சள் மீன் இல்லை,
ஆமை இல்லை.
தூசு. இறங்கிக்கொண்டே இருக்கும் தூசு.
குடகில் எவர் தோட்டத்து மேட்டிலோ கரைந்து
எத்தனை மதகு தாண்டி வந்ததோ.
ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து எழுநூறு என்று
நான் எழுதி அனுப்பியதெல்லாம்
இங்கேதான் வந்து
உட்காரலாமா வேண்டாமா என்று நிற்கிறது.

கண்ணாடியில் எதுவோ இடித்தது.
இரண்டு மிளகு.
மிளகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை,
கொஞ்சம் கழித்து மீசை,
அதற்கும் கழித்து
உள்ளே குடல் தெரியும் ஓர் இறால்.
பார்த்தது.
குழம்பு வைக்கிறவள் என்று தெரியாது அதற்கு.
பின்பக்கமாகவே நகர்ந்து போனது,
கலெக்டர் அறையிலிருந்து வெளியேறுகிறவர்கள் போல.

எவ்வளவு நேரம் மிதந்தேனோ,
தலை தூக்கியபோது கரை ஓரம்.
அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே
விரல் விரலாய், ஆயிரம், பத்தாயிரம்.
எல்லாம் குழாய்கள்.
என்னுடையது மட்டும் ஆரஞ்சு.

"என்னா தெரிஞ்சுது?"
"ஒண்ணும் தெரியல. இன்னொரு தடவ போறேன்."
துரைக்கண்ணு நெய்னாவைப் பார்த்தார்.
தண்ணீரைப் பார்த்தார்.
செருப்புப் பையை நெய்னாவிடம் கொடுத்தார்.
"இங்க குடு. ஒண்ணும் தெரியலையான்னு
நானும் பாக்குறேன்."

திங்கள் காலை, ஆறு மணி.
வெண்ணாறு பூஜ்யம்.
கோரையாறு பூஜ்யம்.
பாமணியாறு பூஜ்யம்.
ஏ.இ. கையெழுத்துப் போட்டுவிட்டார்.
என் இடது காதில் மட்டும்
நேற்றிலிருந்து கொஞ்சம் இருக்கிறது.
தலையைச் சாய்த்தால் நகர்கிறது.
சாய்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.