ஆறாவது துளை

மாடிப்படிக்கு அடியில், விறகுக் கட்டுகளுக்குப் பக்கத்தில்
ஒரு கறுப்புப் பெட்டி முனகிக்கொண்டிருக்கிறது.
வால்திவியாவில் ஜூலை.
பத்தொன்பது நாளாக மழை.
ஆற்றோரச் சந்தையில் மீன்தலைக்குச் சண்டையிடும் கடற்சிங்கங்கள்
இங்கே சமையலறை வரைக்கும் கேட்கின்றன.

பெட்டிக்குள் ஆறு துளைகள்.
நான்கில் பெரிய வட்டுகள், இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தவை.
அவற்றில் மிரெய்யாவின் பதினோரு வருடத் தவளைகள்:
சதுப்பில் இடுப்பளவு நீரில் நின்று
அவள் பிடித்துவந்த குரல்கள்.
சில குரல்கள் இப்போது அங்கே இல்லை,
இங்கே மட்டும்தான்.

ஐந்தாவதில் பூட் டிரைவ்.
பிஸ்கட் அளவு. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றியது.
அதில் ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்லித்திரிந்தேன்.
பெட்டி கண் விழித்ததும்
தான் யார் என்று நினைவுபடுத்திக்கொள்ளும் அளவுக்கு
ஏதோ கொஞ்சம்.

ஆறாவது காலி.

இன்னொரு பிஸ்கட் வாங்கி
உறை பிரிக்காமல் மூன்று வாரமாக மேசைமேல் கிடக்கிறது.
மாட்டினால் கண்ணாடி:
இங்கே எழுதுவது அங்கேயும்,
ஒன்று விழுந்தாலும் பெட்டி தூக்கம் கலையாமல் ஓடும்.
மாட்டாவிட்டால்
அந்தத் துளை தவளைகளுக்கு.

"நின்றுபோனால்தான் என்ன?"
காலுறையை அடுப்புக்கு மேலே காயப்போட்டபடி மிரெய்யா கேட்டாள்.
"நாம் என்ன ஆஸ்பத்திரியா நடத்துகிறோம்?"

நான் சால்மன் பண்ணையில் முக்குளிப்பவன்.
பதினான்கு நாள் கடலில், ஏழு நாள் வீட்டில்.
வலைக்கு அடியில் இறங்கிக் கிழிசல் தைக்கிறவன்
எதற்கும் இரண்டு காற்று வைத்திருப்பான்.
ஆனால் இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டு
எவனும் இறங்கிப் பார்த்ததில்லை.
இது காற்றா, கடிகாரமா?

அதோடு, கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது.
அவசரத்தில் நான் எதையாவது அழித்தால்
அதுவும் கூடவே, விசுவாசமாக, அழிக்கும்.

சனிக்கிழமை ராத்திரி
பார்த்தே விடுவது என்று பெட்டியை அணைத்து
ஐந்தாவதை நானே பிடுங்கினேன்.
புது பிஸ்கட்டைச் செருகி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன்.
சமையலறைக் கடிகாரத்தில் இருபத்தாறு நிமிடம்.
இவ்வளவுதானா! சிரித்தேகூட விட்டேன்.

பெட்டி விழித்தது.
நான்கு வட்டுகளையும் அடையாளம் கண்டது.
பூட்டியிருக்கிறது என்றது.
சாவி கேட்டது.

ஆறு வருடத்துக்கு முன்னால் பூட்டியவன் நான்தான்.
சாவியை எங்கே வைத்தேன்?
இருந்த ஒரே இடம்
அப்போது என் உள்ளங்கையில் இருந்தது, இன்னும் சூடாக.

கொஞ்ச நேரம் நான் அசையவில்லை.
மேலே அவள் புரண்டு படுக்கும் சத்தம்.
அடுப்பில் ஈர விறகு சீறியது.

கண்ணாடி மாட்டியிருந்தால்
சாவி இரண்டாகியிருக்கும்,
ஒரே பெட்டிக்குள், ஒரே படிக்கு அடியில்,
எனக்கே தெரியாமல்.

பழையதைத் திரும்ப மாட்டினேன். வந்தது.
அறுபத்து நான்கு எழுத்துகள்.
பென்சிலால் எழுதி, சத்தமாக வாசித்து,
இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டு தாள்.
ஒன்று என் முக்குளிப்புக் குறிப்பேட்டில்.
இன்னொன்றை விடிந்ததும் மழையில் எதிர்வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
கேக் சுடும் ஒத்திலியா, கையெல்லாம் வெண்ணெய்,
"என்ன இது?" என்றாள்.
"தவளைகள்" என்றேன்.
மேற்கொண்டு கேட்காமல்
மாவு டப்பா மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தாள்.

புது பிஸ்கட், எல்லாம் ஏற்றிய நிலையில், இழுப்பறையில் கிடக்கிறது.
நாளை பேருந்து பிடிக்க வேண்டும்.
பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டினேன்:
*நின்றால் பயப்படாதே. இழுப்பறை. பிறகு ஒத்திலியா.*

சாயங்காலம் பார்த்தால்
அதற்குக் கீழே அவள் கையெழுத்து:
*சரி. ஆறாவதில் எனக்கு வட்டு எப்போது?*