சூட்டோடு சூடாக

கிளாக்ஸ்விக் துறைமுகத்திலிருந்து
ஹோக்னி மூன்றாம் முறை கூப்பிட்டான்.
"ரான்வா, அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை."
நான் தோர்ஸ்ஹாவ்னில் என் மேசையில் அழுத்தினேன். வந்தது.
மறுபடி அழுத்தினேன். மறுபடியும் வந்தது.
"இங்கே வருகிறதே" என்றேன்,
நிரல் எழுதுகிற எல்லாரும்
ஒருமுறையாவது சொல்லிவிட்டு
வெட்கப்பட்டிருக்கிற வாக்கியம்.

பதினெட்டு டன் சால்மன், பனிக்கட்டிக்குள்.
மருத்துவச் சான்றிதழ் இல்லாமல்
லாரி மாலைக் கப்பலில் ஏறாது.
சான்றிதழ் நான்கே பக்கம்.
என் சர்வரில் இருக்கிறது.
அவன் கணினியில் இல்லை.

புறப்பட்டேன். கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை,
நடுவில் நீலம் விளக்கிட்ட ஒரு ரவுண்டானா,
தலைக்கு மேல் மீன்கள்
எந்தச் சான்றிதழும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன.

அவன் கையுறையைக் கழற்றினான்.
ஈர விரலைச் சட்டையில் துடைத்தான்.
ஒரே ஒரு முறை அழுத்தினான்.
பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்,
சொன்ன சொல் போதும் என்று நம்புகிற ஆள்.

பதினொரு நொடி.

அங்கே என் சர்வர் பெட்டி பெட்டியாக எண்ணி,
எடை கூட்டி, கையொப்பம் ஒட்டி, பக்கம் கோத்து
முடித்துவிட்டு வந்து
புது ஜன்னல் ஒன்றைத் திறக்கச் சொன்னது.
உலாவி கேட்டது: யார் கூப்பிட்டது?
இதோ இவர்தான், சற்றுமுன் —
சற்றுமுன் செல்லாது.
விரலின் சூடு சில நொடிக்குத்தான் நாணயம்.
ஆறிவிட்டால்
அந்தத் தொடுகை நடக்கவே இல்லை.

முகவரிப் பட்டையின் ஓரத்தில்
கடுகளவு ஒரு குறி.
தடுத்துவிட்டேன் என்று அது முணுமுணுத்ததை
ஹோக்னி பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்?
என் மேசையில் சோதனைக்கு இருந்ததோ
மூன்று பெட்டி மீன். அரை நொடி வேலை.
சூடு ஆற நேரமே இல்லை.

உலாவியைத் திட்டினேன்.
பிறகு நினைத்துப் பார்த்தேன்:
யாரும் கூப்பிடாமல் திறந்த
எத்தனை ஜன்னல்களைப் பார்த்த கண் அது.
விழாத லாட்டரிக்குப் பரிசு.
இல்லாத வைரஸுக்கு மருந்து.
இந்த ஊரிலோ கதவைத் தட்டுவது கிடையாது;
பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறை.
ஹோக்னி வீட்டுச் சாவி எங்கே என்று
அவன் மனைவி சன்வாவுக்கும் தெரியாது.
எல்லா ஊரும் இப்படி இருந்திருந்தால்
எனக்கு இன்று வேலை இருந்திருக்காது.

கவிழ்த்த மீன்பெட்டி மேல் உட்கார்ந்து
ஜன்னலை அழித்தேன். ஜன்னலே வேண்டாம்.
அழுத்திய கையோடு நேரே சர்வரிடம் போகட்டும்.
முழுக் கோப்பு மெல்ல வரட்டும், துளித்துளியாக;
முதல் சொல் மட்டும்
சூட்டோடு சூடாக வந்துவிட வேண்டும்.
அந்த முதல் சொல்லில் எழுதினேன்:
இது பார்க்க அல்ல, வைத்துக்கொள்ள.

அப்போதும் வரவில்லை.
கிடங்கின் முகவரி பழையது, பூட்டுக்குறி இல்லாதது.
மாற்றினேன்.
வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான், ஒருமுறை, நீளமாக.

வந்தது.
வந்த கோப்பின் பெயரைப் பார்த்து
ஹோக்னி கேட்டான்: "யார் இது?"
அவன் பெயரில், குறுக்கே வெட்டிய
அந்த வட்ட எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
ஓர் அடிக்கோடு கிடந்தது, பிடுங்கிய பல் போல.
ஆங்கில எழுத்தில்லாத பெயருக்கு
இன்னொரு வரி எழுத வேண்டும்.
எனக்குத் தெரியும். எழுதவில்லை.
என் பெயரிலும் அப்படி ஓர் எழுத்து உண்டு,
வெட்டுப்பட்டு வந்து வந்து
பழகிப்போயிருந்தது.

எழுதினேன்.

கப்பல் போன பிறகு,
ஒருமுறைக்கு மேல் எதையும் கேட்காத அந்த ஆள்
கையுறையைக் கழற்றி
இன்னொரு தடவை அழுத்தினான். சும்மா.
அவன் பெயர் முழுசாக வந்து இறங்கியது,
பின்னால் அடைப்புக்குறிக்குள்
ஓர் ஒன்றோடு.